விளக்கு எதைப் பார்க்கிறது?

சேலத்திலிருந்து தர்மபுரிக்குப் போகிற வழியில் தொப்பூர் ஏற்றம் வரும். பெரியப்பாவின் 1978ஆம் வருட அம்பாசடர் அந்த ஏற்றத்தில் மட்டும் ஒரு சத்தம் போடும். தகர டப்பாவுக்குள் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம் கூடுமே தவிர இழுவை கூடாது. பட்டறையில் இதற்கு ‘நாக்கிங்’ என்று பெயர். எஞ்சினில் தீப்பொறி விழும் நேரம், அதாவது டைமிங், தப்பியிருந்தால் வருகிற முதல் அறிகுறிகளில் இது ஒன்று.

பட்டறையில் இளம் மெக்கானிக் டைமிங் லைட்டை மாட்டினார். துப்பாக்கி போன்ற அந்த விளக்கைப் புல்லியை நோக்கிப் பிடித்து விசையை அழுத்தினார். சுற்றிக்கொண்டிருந்த புல்லியின் வெட்டுக்கோடு, கையேடு சொல்லும் அதே முள்ளுக்கு நேராக, அசையாமல் நின்றது. “டைமிங் கரெக்டா நிக்குதுங்கண்ணா, நீங்களே பாருங்க” என்றார். பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “லைட்டு சரிங்குது. வண்டி இல்லைங்குதே தம்பி.”

உள்ளேயிருந்து பெரிய மேஸ்திரி வந்தார். விளக்கைக் கழற்றச் சொன்னார். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருந்த நட்டைத் தளர்த்தி, எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டபடியே அதன் உடலை ஒரு நூலளவு திருப்பி இறுக்கினார். வண்டி தொப்பூர் ஏறி இறங்கி வந்தது, சத்தம் இல்லை. மறுபடி விளக்கைப் பிடித்தபோது கோடு முள்ளைத் தாண்டித் தள்ளி நின்றது. விளக்கின் கணக்கில் இப்போதுதான் டைமிங் தப்பு!

ஒரு பக்கம் வெளிச்சம் போட்டு அளக்கும் கருவி. மறு பக்கம் நாற்பது ஆண்டு பழகிய காது. எது சரி? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், எஞ்சினைப் பற்றி மட்டுமல்ல, அளத்தல் என்ற செயலைப் பற்றியே ஒரு பாடம் கிடைக்கிறது.

எட்டு மணிப் பந்திக்கு எப்போது உலை வைப்பது?

எட்டு மணிக்குப் பந்தி என்றால் எட்டு மணிக்கு உலை வைப்பவர் யாருமில்லை. அரிசி வேக எடுக்கும் நேரத்தைக் கழித்துக்கொண்டு, முன்கூட்டியே வைக்கிறோம். எஞ்சினுக்குள்ளும் இதே கணக்குதான். சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை வெடிகுண்டு போல ஒரே கணத்தில் வெடிப்பதாகப் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது எரிகிறது. பிளக்கின் நுனியில் தொடங்கும் நெருப்பு, வைக்கோல் போரில் பரவுவது போல ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் பரவுகிறது. 1930களில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் வித்ரோ, ராஸ்வைலர் என்ற இருவர் சிலிண்டர் தலையில் குவார்ட்ஸ் சன்னல் வைத்து, ஓடும் எஞ்சினுக்குள் இந்த நெருப்பு பரவுவதை அதிவேகக் கேமராவில் படம்பிடித்தார்கள்.

நெருப்பு பரவி அழுத்தம் உச்சத்தை எட்ட, தோராயமாக ஒரு நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு பிடிக்கிறது. அந்த உச்ச அழுத்தம் பிஸ்டன் மேலே ஏறி முடித்து, இறங்கத் தொடங்கிய சற்று நேரத்தில் வர வேண்டும். ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பத் தொடங்கும்போது தள்ளினால்தான் வேகம் பிடிக்கும்; ஏறிவரும்போதே தள்ளினால் கைதான் வலிக்கும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பொறி விழ வேண்டும். உச்சியைப் பட்டறையில் ‘டாப்’ என்பார்கள். நாம் மேல் உச்சநிலை எனலாம். அதற்கு எவ்வளவு முன்னால் பொறி விழுகிறது என்பதே ‘அட்வான்ஸ்’, தமிழில் முந்தல். பின்தங்கினால் ‘ரிடார்ட்’, பிந்தல்.

முந்தலை நேரத்தால் அளக்காமல் கிராங்க் தண்டு சுற்றும் கோணத்தால் அளக்கிறோம். ஒரு முழுச் சுற்று 360 டிகிரி. நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் நொடிக்கு 3,600 டிகிரி. உலை வேகும் அந்த ஆயிரத்தில் இரண்டு நொடிக்குள் தண்டு ஏறக்குறைய 7 டிகிரி திரும்பிவிடும். 3,000 சுற்றில் ஓடும்போது அதே நேரத்தில் 36 டிகிரி திரும்பிவிடும். வேகம் கூடினால் உள்ளே காற்றின் சுழிப்பும் கூடி எரிதல் விரைவுபடுவதால், முந்தல் அப்படியே ஐந்து மடங்காக வேண்டியதில்லை. ஆனாலும் அது வளர்ந்தே ஆக வேண்டும்.

பழைய வண்டிகளில் இதைக் கவனித்துக்கொள்வது டிஸ்ட்ரிபியூட்டர். அதன் வயிற்றுக்குள் இரண்டு சிறு எடைக்கட்டிகள் ஸ்பிரிங்கில் மாட்டியிருக்கும். வேகம் கூடும்போது அவை ராட்டினத்துத் தொட்டில்கள் போல வெளியே விரிந்து, பொறி விழும் கணத்தை முன்னே தள்ளும். இது மையவிலக்கு முந்தல். இன்னொரு பக்கம் ரப்பர் படலம் வைத்த சிறு டப்பா ஒன்று இருக்கும். மெதுவாக மிதித்து ஓட்டும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு. அடர்த்தி குறைந்த கலவை மெதுவாக எரியும். அப்போது கார்புரேட்டர் பக்கத்துக் குறை அழுத்தம் அந்தப் படலத்தை இழுத்து, கூடுதல் முந்தல் தரும். இது வேக்கம் அட்வான்ஸ்.

முந்தல் அளவுக்கு மீறினால், பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தமும் வெப்பமும் எகிறும். நெருப்பு இன்னும் சென்று சேராத மூலையில் நசுங்கிக் கிடக்கும் மிச்சக் கலவை, பொறிக்காகக் காத்திருக்காமல் தானே படக்கென்று பற்றிக்கொள்ளும். அந்த அதிர்ச்சி அலை உலோகத்தில் மோதும் ஒலிதான் தொப்பூரில் கேட்ட கோலிக்குண்டுச் சத்தம். நீண்ட நாள் விட்டால் பிஸ்டன் பொத்துப்போகும். பிந்தல் அதிகமானாலோ இழுவை குறையும், எஞ்சின் சூடேறும். சில டிகிரிகள்தான் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. அதனால்தான் அளப்பது முக்கியமாகிறது.

சுற்றும் சக்கரத்தை நிறுத்தும் வெளிச்சம்

பழைய சரித்திரப் படங்களில் ரதம் வேகமாக முன்னே போகும்; சக்கரம் மட்டும் நின்றிருப்பது போலவோ பின்னோக்கிச் சுற்றுவது போலவோ தெரியும். கேமரா நொடிக்கு 24 முறைதான் பார்க்கிறது. ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவே, முன்பு ஓர் ஆரக்கால் இருந்த இடத்துக்குச் சரியாக அடுத்த ஆரக்கால் வந்து நின்றால், சக்கரம் அசையவில்லை என்றே நமக்குப் படும்.

விட்டு விட்டுப் பார்த்தால் இயக்கம் உறைந்ததாகத் தெரியும் என்ற இந்த உண்மையை, 1831ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மைக்கேல் ஃபாரடே பல்சக்கரங்களை வைத்து ஆராய்ந்து எழுதினார். அடுத்த ஆண்டு பெல்ஜியத்தில் ஜோசப் பிளாட்டோ, வியன்னாவில் சைமன் ஸ்டாம்ஃபர் இருவரும் தனித்தனியே துளையிட்ட வட்டத் தகடுகளைச் செய்து, ‘ஸ்ட்ரோபோஸ்கோப்’ என்ற கருவிக்கு வழி திறந்தார்கள். கிரேக்கத்தில் சுழற்சியையும் பார்வையையும் குறிக்கும் சொற்கள் சேர்ந்த பெயர் அது. தமிழில் உறைநோக்கி எனலாம்: ஓடுவதை உறையவைத்து நோக்கும் கருவி. ஒரு நூற்றாண்டு கழித்து, 1930களில், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் துளைத் தகட்டுக்குப் பதிலாக மின்னல்போல் பளிச்சிடும் வாயு விளக்கை வைத்து, ஓடும் மோட்டார்களை நிறுத்திக் காட்டினார். டைமிங் லைட்டுக்குள் இருக்கும் செனான் குழாய் அந்த வம்சத்தில் வந்தது.

விளக்கு எப்போது பளிச்சிட வேண்டும் என்று யார் சொல்வது? முதல் சிலிண்டரின் பிளக் வயரில் ஒரு கிளிப்பைக் கவ்வவைக்கிறோம். அது வயரைத் தொட்டு மின்சாரம் எடுப்பதில்லை. வயரில் பொறிக்கான மின்துடிப்பு ஓடும்போது சுற்றிலும் காந்தப்புலம் எழுகிறது. அந்தப் புலம் கிளிப்பில் உள்ள சுருளில் ஒரு சிறு மின்துடிப்பை உண்டாக்குகிறது. மின்காந்தத் தூண்டல். அதைக் கண்டுபிடித்தவரும் அதே ஃபாரடே, அதே 1831இல். சக்கர மாயமும் தூண்டலும் ஒரே ஆண்டில் ஒரே மனிதரின் மேசையில் இருந்தன. அவை இரண்டும் இந்தப் பட்டறைத் துப்பாக்கிக்குள் ஒன்றாக வேலை செய்கின்றன.

ஐட்லிங்கில் 600 சுற்று ஓடும் நான்கு வீச்சு எஞ்சினில், முதல் பிளக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி, நொடிக்கு ஐந்து. விளக்கும் ஐந்து முறை மின்னும். ஒவ்வொரு மின்னலும் ஒரு நொடியின் லட்சத்தில் சில பங்கு நேரமே நீடிப்பதால், அதற்குள் புல்லி நகர்ந்துவிடாது. ஐந்து முறையும் கோடு ஒரே இடத்தில் பிடிபடுகிறது. ஆகவே நின்றிருப்பதாகத் தெரிகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை: இந்த வெளிச்சத்தில் ரேடியேட்டர் விசிறியும் நிற்பது போலவோ மெல்ல ஊர்வது போலவோ தோன்றக்கூடும். அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கையை நீட்டிவிடாதீர்கள்.

மூன்று கண்ணிகள்

இப்போது ஒரு நுட்பமான கேள்வி. விளக்கு அளந்தது என்ன? பொறி விழுந்த கணத்தில் பிஸ்டன் எங்கே இருந்தது என்பதையா? இல்லை. பிஸ்டன் சிலிண்டருக்குள் இருக்கிறது; அதை யாரும் பார்க்கவில்லை. கிளிப்பில் துடிப்பு வந்த கணத்தில் புல்லியின் கோடு எங்கே இருந்தது என்பதை மட்டுமே விளக்கு காட்டியது. அதிலிருந்து பிஸ்டனுக்குப் போக நாம் மூன்று கண்ணிகளை நம்புகிறோம். பொறி விழுந்த அதே கணத்தில் விளக்கு மின்னியது என்பது முதல் கண்ணி. கோடு பிஸ்டனின் உச்சநிலையைச் சரியாகக் குறிக்கிறது என்பது இரண்டாவது. கோடு இருந்த இடத்தை நம் கண் சரியாகப் படித்தது என்பது மூன்றாவது. பழைய எஞ்சினில் இந்த மூன்றுமே தளரக்கூடியவை.

எந்தக் கண்ணி தளர்ந்தது என்று தேடும் முன், பிழையின் குணத்தைப் பார்க்க வேண்டும். சில வீடுகளில் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னே வைத்திருப்பார்கள். அது எப்போதும் அதே பத்து நிமிடம்தான் தப்பாகக் காட்டும். இன்னொரு வீட்டில் பேட்டரி தீர்ந்த கடிகாரம் ஒரு நாள் ஐந்து நிமிடம் பின்தங்கும், மறுநாள் அரை மணி. முதல் வகை நிலையான பிழை. வெர்னியர் அளவி பயின்றவர்கள் சுழிப்பிழை என்று படித்திருப்பார்கள். இரண்டாவது சிதறல். விளக்கின் அடியில் கோடு அசையாமல் நின்றும் வண்டி ஒத்துப்போகவில்லை என்றால், நிலையான பிழையைத் தேட வேண்டும். கோடு ஓரிடத்தில் நில்லாமல் ஆடினால் சிதறலைத் தேட வேண்டும். இந்த ஒரு பிரிவினை பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

பெரியப்பாவின் வண்டியில் கோடு அசையவே இல்லை.

உச்சியைக் கண்டுபிடிக்கும் கலை

நிலையான பிழைக்கு முதல் சந்தேகம் கோட்டின் மீதே விழும். பல பழைய எஞ்சின்களில் கிராங்க் புல்லி ஒரே துண்டு அல்ல. உள்ளே ஒரு குடம், அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், அதற்கு வெளியே கனமான இரும்பு வளையம். கிராங்க் தண்டு முறுக்கி அதிர்வதை அடக்க வைத்த ஏற்பாடு, அதிர்வடக்கி எனலாம். அமெரிக்க வி-8 எஞ்சின்களில் இது சாதாரணம். அம்பாசடர் எஞ்சினின் அதே பி-சீரீஸ் குடும்பத்தைச் சேர்ந்த எம்ஜிபி காரிலும் உண்டு. ஆண்டுக்கணக்கில் எண்ணெயும் சூடும் பட்டு ரப்பர் விட்டுப்போனால், வெளி வளையம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். கோடு இருப்பதோ அந்த வெளி வளையத்தில். குடம், ரப்பர், வளையம் மூன்றின் குறுக்கேயும் பெயின்டில் ஒரு நேர்கோடு இழுத்துவிட்டு, சில வாரம் கழித்துப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் வளையம் நழுவுகிறது என்று பொருள்.

ஒரே துண்டான புல்லியிலும் ஆபத்து உண்டு. முள் இருக்கும் டைமிங் கவரோ, கோடு இருக்கும் புல்லியோ வேறொரு எஞ்சினிலிருந்து வந்திருக்கலாம். மாட்டினால் பொருந்தும், ஆனால் கோட்டின் இடம் மாறியிருக்கும். காயலான் கடை உதிரிபாகங்களால் காலம் ஓட்டிய வண்டிகளில் இது புதிதல்ல.

சரி, மேல் உச்சநிலையை நாமே கண்டுபிடித்துவிடலாமே? பிளக்கைக் கழற்றி, துளை வழியே ஒரு குச்சியை விட்டு, எஞ்சினைக் கையால் சுற்றி, குச்சி அதிகபட்சம் உயரும் இடத்தைக் குறித்தால் போதாதா? போதாது. காரணம் அழகானது. ஊஞ்சல் உச்சியில் ஒரு கணம் தயங்குவது போலப் பிஸ்டனும் உச்சியில் தயங்குகிறது. பி-சீரீஸ் 1,489 சி.சி. எஞ்சினில் பிஸ்டன் ஓடும் தூரம் 88.9 மில்லிமீட்டர். பாதி வழியில் இருக்கும்போது கிராங்க் ஒரு டிகிரி திரும்பினால் பிஸ்டன் முக்கால் மில்லிமீட்டருக்குக் குறையாமல் நகரும். உச்சியிலிருந்து ஒரு டிகிரி திரும்பினாலோ அது இறங்குவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு தலைமுடியின் தடிமன் அளவு இறங்கவே ஏறக்குறைய 3 டிகிரி திரும்ப வேண்டும். குச்சியைப் பிடித்த கையின் உணர்வு எவ்வளவு நுட்பமானாலும், அந்த இடத்தில் பல டிகிரி தவறிவிடும்.

இதே சிக்கலை நம் பழைய ஸ்தபதிகளும் வானியலாளர்களும் சந்தித்தார்கள். கோயில் கட்டத் திசை அறிய, தரையில் ஒரு சங்குக் கோலை நட்டு அதன் நிழலைப் பார்ப்பார்கள். நண்பகலில் நிழல் மிகக் குறுகும். அது விழும் திசை வடக்கு–தெற்கு. ஆனால் நண்பகலை ஒட்டி நிழலின் நீளம் மாறுவதே தெரியாது. எப்போது மிகக் குறுகியது என்று கண்ணால் சொல்ல முடியாது. அவர்கள் செய்த தந்திரம் இது: கோலைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தார்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே நுழையும் இடத்தைக் குறித்தார்கள். மாலையில் வட்டத்தைத் தொட்டு வெளியேறும் இடத்தையும் குறித்தார்கள். இரண்டையும் சேர்க்கும் கோடு கிழக்கு–மேற்கு. அதன் நடுவைக் கோலோடு சேர்த்தால் வடக்கு–தெற்கு. உச்சத்தைப் பார்த்து உச்சத்தைப் பிடிக்க முடியாது. அதன் இருபுறமும் நிழல் வேகமாக மாறும் இடங்களில் இரண்டு குறிகள் இட்டு, நடுவைக் கண்டுபிடி. சூரிய சித்தாந்தமும் மயமதமும் விவரிக்கும் முறை இது.

பட்டறையிலும் இதையே செய்கிறார்கள். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, பிளக்குகளைக் கழற்ற வேண்டும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்து, அந்த இரும்புக் கூட்டில் ஒரு போல்ட்டைப் பொருத்தினால் தடைக்கட்டை தயார். அதை முதல் சிலிண்டரின் பிளக் துளையில் முடுக்கினால், உச்சிக்கு வரும் முன்பே பிஸ்டன் போல்ட்டில் இடித்து நிற்கும். எஞ்சினைக் கையால் மட்டும், மெதுவாக, பிஸ்டன் இடிக்கும்வரை சுற்றி, முள்ளுக்கு நேராகப் புல்லியில் ஒட்டிய தாள் நாடாவில் ஒரு குறி. பிறகு எதிர்த்திசையில் மறுபடி இடிக்கும்வரை சுற்றி, இன்னொரு குறி. இரண்டுக்கும் சரி நடுவே உண்மையான மேல் உச்சநிலை. பிஸ்டன் விரைவாக நகரும் இடத்தில் தொட்டுப் பார்ப்பதால் பிழை ஒரு டிகிரிக்கும் கீழே அடங்கிவிடும்.

பெரியப்பாவின் வண்டிக்கும் இதைச் செய்தோம். பென்சில் குறிகளின் நடுவைக் கண்டு, புல்லியின் வெட்டுக்கோட்டைப் பார்த்தபோது, அது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தது. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள புல்லியின் விளிம்பில் ஒரு டிகிரி என்பது 1.3 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 8 டிகிரி. மேஸ்திரி புல்லியைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது இந்த வண்டிப் புல்லியே இல்லைங்க” என்றார். எப்போதோ எஞ்சின் பிரித்து வேலை செய்தபோது யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

கண்ணும் கிளிப்பும்

மூன்றாவது கண்ணி நம் கண். பேருந்தில் டிரைவருக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து ஸ்பீடோமீட்டரைப் பார்த்தால் முள் வேறு எண்ணில் நிற்பது போலத் தெரியும். பள்ளியில் இதை இடமாறு தோற்றப்பிழை என்று படித்தோம். பி-சீரீஸ் வகைப் பழைய எஞ்சின்கள் பலவற்றில் டைமிங் முட்கள் புல்லிக்குக் கீழ்ப்புறம் இருக்கும். தலையைக் கோணலாக நுழைத்துத்தான் பார்க்க முடியும். முள்ளுக்கும் புல்லிக்கும் நடுவே 10 மில்லிமீட்டர் இடைவெளி இருந்து, நாம் 15 டிகிரி சாய்வாகப் பார்த்தால், கோடு 2.7 மில்லிமீட்டர் நகர்ந்ததாகத் தோன்றும். விளிம்புக் கணக்கில் அது 2 டிகிரி. முள், கோடு, புல்லியின் மையம் மூன்றும் ஒரே நேரில் வரும்படி கண்ணை வைப்பதே மருந்து.

முதல் கண்ணியான கிளிப்புக்கு வருவோம். அதன் தாடைகள் இரண்டும் காந்தப் பொருளால் ஆனவை. நடுவே கிரீஸும் மண்ணும் அப்பி, முழுவதும் மூடாவிட்டால் துடிப்பு பலவீனப்படும், விளக்கு சில மின்னல்களைத் தவறவிடும். கிளிப்பில் ஓர் அம்புக்குறி இருந்தால் அது பிளக்கை நோக்க வேண்டும். மற்ற பிளக் வயர்களோடு உரசிக் கிடந்தால் பக்கத்து வீட்டுப் பேச்சு நம் வீட்டில் கேட்பது போல அவற்றின் துடிப்பையும் பிடித்துக்கொள்ளும். வயரைத் தனியே விலக்கிப் பிடித்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் இன்னொரு அருமையான சோதனை உண்டு. 1–3–4–2 என்ற வரிசையில் பொறி விழும் எஞ்சினில், ஒன்றாவது பிஸ்டனும் நான்காவதும் சேர்ந்தே ஏறி இறங்கும். பொறி மட்டும் ஒரு சுற்று தள்ளி விழும். ஆகவே கிளிப்பை நான்காவது வயருக்கு மாற்றினாலும் கோடு அதே இடத்தில்தான் தெரிய வேண்டும். வேறு இடத்தில் தெரிந்தால் குற்றவாளி விளக்கு அல்ல. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் தேய்ந்து, தண்டு ஒரு பக்கம் சாய்ந்து சுற்றுகிறது. கோடு நில்லாமல் நடுங்கினாலும் அதே புஷ், தளர்ந்த டைமிங் செயின், தேய்ந்த பாயிண்ட் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். இங்கே விளக்கு தப்பாகக் காட்டவில்லை. பொறியே ஒவ்வொரு முறையும் வேறு கணத்தில் விழுகிறது என்பதை உள்ளபடி காட்டுகிறது.

அளக்கும் முன் செய்ய வேண்டியவை

சில சமயம் மூன்று கண்ணிகளும் உறுதியாக இருக்கும், கேள்விதான் மாறியிருக்கும். கையேட்டில் உள்ள எண், பெரும்பாலும் வேக்கம் குழாயைக் கழற்றி, அதன் வாயை அடைத்துவிட்டு, மெதுவான ஐட்லிங்கில் பார்க்க வேண்டிய எண். குழாயை மாட்டியபடியே பார்த்தாலோ, ஐட்லிங் வேகம் கூடி எடைக்கட்டிகள் விரியத் தொடங்கியிருந்தாலோ, கூடுதல் முந்தலும் சேர்ந்து தெரியும். அதைப் பார்த்துப் பயந்து டைமிங்கைப் பின்னே தள்ளினால் நல்ல எஞ்சினைக் கெடுத்தவர்களாவோம்.

வரிசையும் முக்கியம். டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் திறக்கும் கணத்தில்தான் பொறி பிறக்கிறது. ஃபீலர் கேஜ் வைத்துப் பாயிண்ட் இடைவெளியை அகலப்படுத்தினால் அது சீக்கிரம் திறக்கும். டைமிங் தானே முந்தும். ஆகவே முதலில் பாயிண்ட் இடைவெளி, பிறகே டைமிங். தலைகீழாகச் செய்தால் சரிசெய்த டைமிங்கை நாமே கலைத்துவிடுவோம்.

திருகு வைத்த புதுவகை விளக்குகளுக்கும் ஒரு சொல். அவை மின்னலைச் சற்றே தாமதப்படுத்தி, கோட்டைச் சுழி முள்ளுக்குக் கொண்டுவந்து, எத்தனை டிகிரி என்று திரையில் எழுதும். தாமதத்தை டிகிரியாக மாற்ற அவை இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள நேரத்தை இரண்டு சுற்று என்று எடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் பொறி விழும் எஞ்சினில் மாட்டினால் உண்மை அளவு இரட்டிப்பாகத் தெரியும். ஒரு சுற்றுக்குப் பல பொறிகளைத் தொடர்ந்து விடும் மின்னணு இக்னிஷன்களிலும் கணக்கு குழம்பும். விளக்கின் சுற்றமைப்பு துடிப்பை உணர்ந்து மின்னுவதற்குள் ஒரு நொடியின் லட்சத்தில் ஐந்து பங்கு தாமதித்தால், 600 சுற்றில் அது பொருட்டே அல்ல. 6,000 சுற்றில் 1.8 டிகிரி பிந்தலாகத் தெரியும். சந்தேகம் வந்தால் வேறொரு விளக்கை அதே வேகத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சாட்சியைச் சரிபார்க்க இன்னொரு சாட்சிதான் வேண்டும்.

காது கேட்டது, விளக்கு பார்த்தது

இப்போது தொடக்கக் கேள்விக்குத் திரும்பலாம். விளக்கு சரியா, காது சரியா? இரண்டும் தத்தம் கேள்விக்குச் சரியாகவே பதில் சொன்னன. காது எஞ்சினைக் கேட்டது. விளக்கு புல்லியைப் பார்த்தது. எஞ்சினுக்கும் புல்லிக்கும் நடுவே இருந்த உறவுதான் 8 டிகிரி பொய்யாகியிருந்தது.

அதற்காக விளக்கை ஓரம்கட்டிவிட முடியாது. மேஸ்திரியின் காது ஐட்லிங்கில் எஞ்சினின் நிதானத்தையும், ஏற்றத்தில் சத்தத்தையும் கேட்கும். 3,000 சுற்றில் எடைக்கட்டிகள் முழுதும் விரிகின்றனவா, துருப்பிடித்துப் பாதியில் சிக்கிக்கொண்டனவா என்று அதற்குத் தெரியாது. சுழியைத் திருத்திய விளக்கு அதைச் சொல்லும். ஆக்சிலரேட்டரை மெல்ல ஏற்றும்போது கோடு ஒரே சீராக நகர்ந்து போய், இறக்கும்போது அதே வழியில் திரும்பி வர வேண்டும். பெரியப்பாவின் வண்டியில் அது திக்கித் திக்கி நகர்ந்தது. டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்துப் பார்த்தால் ஓர் எடைக்கட்டியின் ஊசி துருவேறி இறுகியிருந்தது. நாற்பது ஆண்டு அனுபவமுள்ள காதுக்கும் பிடிபடாத குறையை, இளம் மெக்கானிக்கின் விளக்குதான் கண்டுபிடித்தது.

கடைசியில் மேஸ்திரி பழைய வெட்டுக்கோட்டை உப்புத்தாளால் தேய்த்து மங்கச் செய்தார். பென்சில் குறிகளின் நடுவே அரத்தால் மெல்லிய புதுக்கோடு ஒன்று கீறி, அதில் வெள்ளைப் பெயின்டைத் தடவினார். காய்ந்ததும் இளைஞர் விளக்கைப் பிடித்தார். வெள்ளைக் கோடு கையேடு சொன்ன முள்ளுக்கு நேராக வந்து நின்றது. மேஸ்திரி காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். டிஸ்ட்ரிபியூட்டரை யாரும் திருப்பவில்லை. அவர் அன்று காதால் வைத்த இடமும், இன்று விளக்கு காட்டிய இடமும் ஒன்றாகவே இருந்தன.